இந்தக் குழந்தைக்கு என்ன பெயர்?

(திருமுழுக்கு யோவான் பிறப்புப் பெருவிழாவையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



புனிதர்களின் திருவிழாவைப் பெரும்பாலும் அவர்கள் இறந்த நாளில்தான் கொண்டாடுகிறோம். அதுவே அவர்கள் விண்ணகத்தில் பிறந்த நாள் என்பது திருச்சபையின் நம்பிக்கை. மண்ணில் பிறந்த நாளைத் திருவழிபாட்டு ஆண்டில் விழாவாகக் கொண்டாடுவது மூவருக்கு மட்டுமே. டிசம்பர் 25-இல் ஆண்டவர் இயேசுவுக்கு, செப்டம்பர் 8-இல் அன்னை மரியாவுக்கு, ஜூன் 24-இல் திருமுழுக்கு யோவானுக்கு.

ஜூன் 24 அன்று வாசிக்கப்படும் நற்செய்தியை உற்றுக் கவனித்திருக்கிறீர்களா? லூக்கா நற்செய்தி முதல் அதிகாரம், 57-ஆம் வசனத்தில் தொடங்குகிறது. எலிசபெத்துக்குப் பேறுகாலம் வந்தது, மகன் பிறந்தான் என்று ஒரே வசனத்தில் பிரசவம் முடிந்துவிடுகிறது. அடுத்து வருவதில் பெரும்பகுதி பெயர் வைக்கிற பஞ்சாயத்துதான்.

எட்டாம் நாள். உற்றார் உறவினரும் அக்கம்பக்கத்தாரும் கூடியிருக்கிறார்கள். பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கப்போகிறீர்கள் என்று பெற்றவளை அவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. அப்பா பெயர் செக்கரியா, ஆகவே மகனுக்கும் செக்கரியா என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். வயதான காலத்தில் பிறந்த ஒரே பிள்ளை, குடும்பப் பெயரைக் காப்பாற்ற வந்த பிள்ளை, அவனுக்கு வேறென்ன பெயர் வைக்க முடியும் என்பது அவர்கள் நியாயம்.

நம் ஊரிலும் இந்த நியாயம் உண்டு. 'பேரன்' என்று நாம் சொல்கிற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதான். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள் பெயர்த்தி. மூத்தவனுக்கு ஐயா பெயர், அடுத்தவனுக்கு அம்மாச்சி வீட்டுத் தாத்தா பெயர், மூத்த மகளுக்கு அப்பத்தா பெயர் என்று வரிசை போட்டு வைத்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அது தவறான வழக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. வாழ்ந்து மறைந்தவர்களை மறக்காமலிருக்க நம் முன்னோர் கண்ட அழகான வழி அது.

ஆனால் அந்த வழக்கத்துக்குள் பெற்ற தாய்க்கு என்ன இடம் என்று ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. மாமனார் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டால், பத்து மாதம் சுமந்து பெற்றவள் தன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. 'தம்பி' என்பாள், 'ராசா' என்பாள், 'பெரியவனே' என்பாள். பதிவேட்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று நம்மில் பலர் இரண்டு பெயரோடு வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரரே 'யாரப்பா இந்தப் பிரான்சிஸ் சேவியர்?' என்று கேட்பதும், 'நம்ம குட்டிதான்' என்று பதில் வருவதும் நீங்கள் அறியாததா?

எலிசபெத்து அந்தக் கூட்டத்தின் நடுவே வாய் திறந்து, வேண்டாம், யோவான் என்றுதான் பெயர் வைக்க வேண்டும் என்கிறார். உடனே உறவினர்கள், உன் சொந்தத்தில் இப்படி ஒரு பெயர் யாருக்கும் கிடையாதே என்கிறார்கள். தாய் சொன்னதை ஏற்றுக்கொள்ளாமல் தகப்பனைக் கேட்கப் போகிறார்கள். அவருக்கோ பேச்சில்லை. வானதூதர் சொன்னதை நம்பாததால் ஒன்பது பத்து மாதமாக வாயடைத்துப் போயிருக்கிறார். சாடை காட்டிக் கேட்கிறார்கள். அவர் ஒரு பலகையைக் கேட்டு வாங்கி, பிள்ளையின் பெயர் யோவான் என்று எழுதிக் காட்டுகிறார். எல்லாரும் வியந்து போகிறார்கள். அந்த நொடியிலேயே செக்கரியாவின் நாவு கட்டவிழ்கிறது, அவர் கடவுளைப் புகழ்கிறார்.

அன்பார்ந்தவர்களே, அந்தப் பிள்ளைக்கு வைக்கவிருந்த பெயர் செக்கரியா. கொஞ்சம் தவறியிருந்தால் நாம் இன்று திருமுழுக்குச் செக்கரியா என்று சொல்லிக்கொண்டிருப்போம். செக்கரியா என்ற பெயரில் குறையொன்றும் இல்லை. 'ஆண்டவர் நினைவுகூர்ந்தார்' என்பது அதன் பொருள். யோவான் என்றால் 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்'. இரண்டும் நல்ல பெயர்கள். ஆனால் செக்கரியா என்று வைத்திருந்தால் அந்தப் பிள்ளை தகப்பனின் தொடர்ச்சியாக, குடும்பத்தின் உடைமையாக அறியப்பட்டிருப்பான். யோவான் என்று வைத்ததால், இவன் எங்களுக்குக் கிடைத்த அருள் என்று அந்த முதிய தம்பதியர் ஊர் முன்னே ஒப்புக்கொண்டார்கள். தன் பெயரைத் தன் மகனுக்கு வைக்கும் உரிமையை விட்டுக்கொடுத்து, மனைவி சொன்ன பெயரை எழுதிக் கொடுத்தபோதுதான் செக்கரியாவுக்குப் பேச்சு திரும்பியது.

புனித சூசையப்பரையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். மத்தேயு நற்செய்தியில் அவருடைய தகப்பனார் பெயர் யாக்கோபு. குடும்ப வழக்கத்தைப் பார்த்திருந்தால் மரியாவின் மகனுக்கு யாக்கோபு என்று வைத்திருக்கலாம். அவரோ வானதூதர் சொன்னபடி இயேசு என்று பெயரிட்டார். அப்படிப் பெயரிட்டதன் வழியாகவே அந்தக் குழந்தைக்குச் சட்டப்படி தந்தையானார். பெயர் வைப்பது என்றால் இந்தப் பிள்ளையை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று ஊரறியச் சொல்வது.

நம் தமிழ் மண்ணில் திருச்சபை இந்த உண்மையை நன்றாகவே புரிந்து வைத்திருந்தது. யோவான் என்ற எபிரேயப் பெயரின் பொருளை நம் முன்னோர் அப்படியே தமிழாக்கி 'அருளப்பர்' என்றார்கள். 1710-இல் இந்தியாவுக்கு வந்த வீரமாமுனிவர், தம் தேம்பாவணிக் காப்பியத்தில் திருமுழுக்கு யோவானுக்குக் 'கருணையன்' என்று பெயரிட்டார். சூசையப்பருக்கு 'வளன்' என்று வைத்தார். இலத்தீனில் 'சிறியவர்' என்று பொருள்படும் பவுல் என்ற பெயர் நம்மிடம் 'சின்னப்பர்' ஆயிற்று. 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்திய மறைசாட்சி ஜான் டி பிரிட்டோவை நாம் 'அருளானந்தர்' என்று அழைக்கிறோம். ஆகவே நம் புதுக்கோட்டை மண்ணில் அருளப்பன், அருளானந்து, அருள்தாஸ், அருள்மேரி என்று யாராவது இருந்தால், எலிசபெத்து அன்று உறவினர்களை எதிர்த்துச் சொன்ன பெயரின் மணம் அவர்கள் பெயரிலும் இருக்கிறது. ஆவூர்ப் பெரியநாயகி மாதாவை வேண்டிப் பெற்ற பிள்ளைக்குப் பெரியநாயகி, வேளாங்கண்ணிக்கு நேர்ந்து பெற்ற பிள்ளைக்கு ஆரோக்கியம், மாதாவிடம் அடைக்கலமாகக் கொடுத்த பிள்ளைக்கு அடைக்கலம். இந்தப் பெயர்களில் எல்லாம் நன்றியும் நம்பிக்கையும் இருக்கின்றன.

இப்போது பங்கு அலுவலகத்தில் அடிக்கடி கேட்கிற கேள்விக்கு வருகிறேன். "சாமி, புள்ளைக்குத் தமிழ்ப் பேரா வைக்கணும்னு மகன் சொல்றான். புனிதர் பேரு இல்லாம ஞானஸ்நானம் குடுப்பீங்களா?" என்று தாத்தாமார் கவலையோடு கேட்பார்கள். 1917-ஆம் ஆண்டின் பழைய திருச்சபைச் சட்டத்தில், பிள்ளைக்குக் கிறிஸ்தவப் பெயர் சூட்டப்படும்படி பங்குத்தந்தை பார்த்துக்கொள்ள வேண்டும், பெற்றோர் இணங்காவிட்டால் அவர்கள் சொன்ன பெயரோடு ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று இருந்தது. நம் பெரியவர்கள் பலருக்கு இரட்டைப் பெயர் இருப்பதற்கு அதுவும் காரணம். 1983-இல் வந்த இன்றைய சட்டத்தில், 855-ஆவது விதி சொல்வது வேறு. கிறிஸ்தவ மனநிலைக்கு அந்நியமான பெயர் சூட்டப்படாதபடி பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குத்தந்தையும் கவனித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். புனிதர் பெயர் வைப்பது நல்ல பழக்கம், பிள்ளைக்கு விண்ணகத்தில் ஒரு துணை கிடைக்கிறது. அது நம்மிடம் நிலைக்க வேண்டும் என்பதே என் விருப்பமும். ஆனால் மலர்விழி என்றோ, கவின் என்றோ, அன்புச்செல்வன் என்றோ பெயர் வைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை.

அப்படியானால் கிறிஸ்தவ மனநிலைக்கு அந்நியமான பெயர் எது?

ஒரு பெயரைச் சொல்கிறேன். யாரும் சிரிக்க வேண்டாம், யாரும் வருத்தப்படவும் வேண்டாம். 'போதும்பொண்ணு'. மதுரை, தேனிப் பக்கமும் நம் பக்கமும் இந்தப் பெயரோடு வாழ்கிற அம்மாமார் உண்டு. 'போதுமணி' என்றும் உண்டு. திருவள்ளூர் மாவட்டம் திருத்தணிக்கு அருகில் நாராயணபுரம் என்ற ஊரில் பெண்பிள்ளைகளுக்கு 'வேண்டாம்' என்றே பெயர் வைக்கும் வழக்கம் இருந்ததை 2019-இல் செய்தித்தாள்கள் எழுதின. அடுத்தடுத்துப் பெண்ணாகப் பிறந்தால், கடைசிப் பெண்ணுக்கு இப்படிப் பெயர் வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை.

நம் முன்னோர் வைத்த எல்லாக் கடுமையான பெயர்களையும் இதனோடு சேர்க்கக்கூடாது. 'பிச்சை' என்றும் 'குப்பை' என்றும் பெயர் வைத்தார்கள். பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், இந்தப் பிள்ளையாவது தக்க வேண்டுமே என்ற தவிப்பில் வைத்த பெயர்கள் அவற்றில் பல. பிச்சைமுத்து என்றால் கடவுளிடம் கையேந்தி வாங்கிய முத்து. பெயர் எளியது, அதற்குள் இருப்பது பாசம். போதும்பொண்ணு அப்படிப்பட்டதல்ல. அந்தப் பெயர் பிள்ளையைப் பற்றிப் பேசவே இல்லை. அது வராமல் போன ஓர் ஆண்பிள்ளையைப் பற்றிப் பேசுகிறது. அந்த வீட்டில் ஓர் ஆண் பெயர் தயாராக இருந்தது. தாத்தா பெயரோ, அந்தோணியார் பெயரோ, மிக்கேல் பெயரோ. அதை வைக்க முடியாமல் போன ஏமாற்றத்தை எடுத்துப் பச்சைக் குழந்தையின் நெற்றியில் எழுதிவிட்டார்கள்.

1991-இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதுவரை கைநாட்டு வைத்த பெண்கள் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள், சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்குவாரியில் கல் உடைத்தவர்களும், களை எடுத்துவிட்டு வந்தவர்களும் முதலில் எழுதிப் பழக ஆசைப்பட்டது தங்கள் பெயரைத்தான். தன் பெயரைத் தன் கையால் எழுதிப் பார்ப்பது எவ்வளவு பெரிய மகிழ்ச்சி! அந்த வரிசையில் ஒரு போதும்பொண்ணும் உட்கார்ந்திருந்தால், அவள் வாழ்நாளில் முதன்முதலாகக் கூட்டி எழுதிய சொல் எதுவாக இருந்திருக்கும்? 'போதும்' என்ற சொல்தானே? நீ வந்தது போதும், இனி உன்னைப் போல ஒருத்தி வேண்டாம் என்று பெற்றவர்களே சொன்ன சொல்லைத் தன் கையாலேயே எழுதிப் பழகியிருப்பாளே! பிள்ளைக்குப் பெயர் வைக்கிற யாரும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

புனிதர் பட்டியலில் பெயர் இருக்கிறதா இல்லையா என்று நாம் வாதாடுகிறோம். மலர்விழி கிறிஸ்தவப் பெயரா என்று தயங்குகிறோம். கடவுளின் சாயலில் படைக்கப்பட்ட ஒரு பெண்குழந்தையைப் பார்த்து 'போதும்' என்று சொல்வதுதான் கிறிஸ்தவ மனநிலைக்கு அந்நியமான பெயர். முன்னால் 'மரிய' என்று சேர்த்து 'மரிய போதும்பொண்ணு' என்று பதிவேட்டில் எழுதினாலும் அந்த அந்நியம் போய்விடாது.

இப்போது யாரும் அப்படிப் பெயர் வைப்பதில்லை சாமி என்பீர்கள். உண்மைதான், குறைந்துவிட்டது. இன்றைய இளம் பெற்றோர் அப்பா பெயரில் பாதி, அம்மா பெயரில் பாதி சேர்த்துப் புதுப்புதுப் பெயர்கள் வைக்கிறார்கள். சிலர் எண்கணிதம் பார்த்து இரண்டு எழுத்து கூட்டுகிறார்கள், நட்சத்திரம் பார்த்து முதல் எழுத்து தேடுகிறார்கள். பிள்ளையின் எதிர்காலம் கூட்டல் கணக்கில் இருக்கிறது என்று நம்புவது நம் விசுவாசத்துக்குப் பொருந்தாது என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். ஆனால் பெயர் மாறிய அளவுக்கு மனம் மாறியிருக்கிறதா? மருத்துவமனை வாசலில் "என்ன பிள்ளை?" என்று கேட்டு, "பொம்பளப் புள்ள" என்றதும் "சரி, அடுத்தது பாத்துக்கலாம்" என்று ஆறுதல் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்களே! பதிவேட்டில் அழகான பெயர் இருக்கிறது. பெயர் சொல்லாமலே அவள் காதில் 'போதும்' விழுந்துகொண்டிருக்கிறது.

திருவிவிலியத்தில் இதற்கு நிகரான ஒரு நிகழ்வு உண்டு. தொடக்க நூல் 35-ஆம் அதிகாரம். யாக்கோபின் மனைவி ராகேல் பயணத்தின் நடுவே பேறுகால வேதனையில் இறந்துகொண்டிருக்கிறாள். பிறந்த மகனுக்கு உயிர் பிரியும் நேரத்தில் 'பென் ஓனி' என்று பெயர் வைக்கிறாள். என் துயரத்தின் மகன் என்பது பொருள். யாக்கோபோ அவனைப் 'பென்யமின்' என்று அழைத்தார். வலக்கையின் மகன் என்பது பொருள். ராகேலின் துயரம் பொய்யல்ல. யாக்கோபு அவளை உயிராக நேசித்தவர், அவளைப் பெறுவதற்காக மாமன் வீட்டில் ஆண்டுக்கணக்காக உழைத்தவர். அந்த வேதனை அவருக்கும் வேதனைதான். ஆனாலும் அதைத் தன் மகன் வாழ்நாள் முழுதும் தூக்கிச் சுமக்க வேண்டாம் என்று தீர்மானித்தார். அழுகையைத் தன்னோடு வைத்துக்கொண்டார். பிள்ளைக்கு வாழ்வைக் கொடுத்தார். பெயர் வைக்கிற ஒவ்வொரு தகப்பனுக்கும் தாய்க்கும் யாக்கோபு அன்று கற்றுக்கொடுத்த பாடம் அது.

பெயரில் காயம்பட்டவர்களுக்கு இறைவாக்கினர் எசாயா ஒரு நற்செய்தி சொல்கிறார். 62-ஆம் அதிகாரத்தில், கைவிடப்பட்டவள் என்று அழைக்கப்பட்ட எருசலேமுக்கு ஆண்டவர் புதுப்பெயர் சூட்டுகிறார். இனி அவள் பெயர் 'எப்சிபா'. 'என் மகிழ்ச்சி அவளிடத்தில்' என்பது அதன் பொருள். போதும்பொண்ணு என்ற பெயரோடு இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கிற அம்மா, உங்களுக்காகவே இதைச் சொல்கிறேன். வீட்டில் உங்களுக்கு என்ன பெயர் வைத்தார்களோ, ஆண்டவரின் பதிவேட்டில் உங்கள் பெயர் எப்சிபா. உங்களைப் படைத்தவர் ஒருநாளும் உங்களைப் பார்த்துப் போதும் என்று சொல்லவில்லை.

மனிதர்களும் இப்படிச் செய்ய முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. மகாராட்டிர மாநிலம் சாத்தாரா மாவட்டத்தில் 'நகுசா' என்று பல பெண்பிள்ளைகளுக்குப் பெயர். மராத்தியில் 'வேண்டாதவள்' என்று பொருள். 2011 அக்டோபர் 22-ஆம் நாள் மாவட்ட நிர்வாகம் விழா எடுத்து 285 சிறுமிகளுக்குப் புதுப்பெயர் சூட்டிச் சான்றிதழ் கொடுத்தது. அந்தப் பிள்ளைகள் மேடையேறித் தங்கள் புதுப்பெயரைக் கையில் வாங்கினார்கள். அரசு அலுவலர்கள் செய்ததைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் செய்ய முடியாதா?

ஆகவே இந்த விழா நாளில் பெற்றோருக்கும் உறவினருக்கும் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, தாயைக் கேளுங்கள். அத்தை சொன்னார், மாமா சொன்னார், தாய்மாமன் கோபித்துக்கொள்வார் என்பதெல்லாம் பிறகு இருக்கட்டும். எலிசபெத்து சொன்னதையே செக்கரியா எழுதினார். கணவனும் மனைவியும் ஒரே பெயரைச் சொல்கிற வீட்டில் உறவினர்களின் கோபம் ஒரு வாரம்கூட நிற்காது.

இரண்டாவது, பிள்ளை பிறக்குமுன் பெயர் யோசித்தால் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டையும் ஒரே ஆசையோடு யோசியுங்கள். ஆண் பெயரை மட்டும் தயாராக வைத்திருக்கும் வீட்டில் பெண் பிறந்தால், அவள் பெயரில்லாத விருந்தாளியாகத்தான் வந்து சேர்கிறாள்.

மூன்றாவது, தாத்தா பாட்டியின் பெயரை வைக்க விரும்பினால் தாராளமாக வையுங்கள். கூடவே, அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்ற கதையையும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். கதை இல்லாமல் பெயர் மட்டும் போனால், சொத்துப் பத்திரத்தில் இருக்கிற பெயருக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

நான்காவது, நடைமுறைச் செய்தி. பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவது எளிதல்ல. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பது முதல் பல காரியங்களுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை. ஆகவே பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர் என்று இல்லாமல், பெயரை முடிவு செய்துவிட்டுத் திருமுழுக்குக்கு வாருங்கள். சான்றிதழ் நகலையும் கொண்டுவாருங்கள்.

ஐந்தாவது, தன் பெயரால் பள்ளியிலும் கல்லூரியிலும் கேலிக்கு ஆளாகிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பழகிப் போச்சு என்று விட்டுவிடாதீர்கள். அரசிதழ் வழியாகப் பெயரை மாற்ற வழியிருக்கிறது. உறுதிபூசுதலின்போது ஒரு புனிதரின் பெயரைத் தேர்ந்துகொள்ளும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அந்தப் பெயரால் வீட்டில் அழைக்கத் தொடங்குங்கள்.

இன்னும் ஒரு பெயர் பாக்கி இருக்கிறது. தயாராக இருந்தும் வைக்க முடியாமலே போன பெயர்.

கருவிலேயே கலைந்த பிள்ளை, பிறந்த அன்றே கண்மூடிய பிள்ளை, தண்ணீர் ஊற்றக்கூட நேரமில்லாமல் போன பிள்ளை. இப்படி ஒரு பிள்ளை இல்லாத குடும்பம் நம் பங்குகளில் குறைவு. அந்தப் பிள்ளைக்கும் அப்பா அம்மா ஒரு பெயர் யோசித்திருந்தார்கள். அதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த பிள்ளைக்கும் அந்தப் பெயரை வைக்க மனம் வந்திருக்காது. ஒருமுறை கல்லறைத் திருநாளுக்கு நினைவுப் பெயர்கள் எழுதி வாங்கியபோது, ஒரு பாட்டி தன் பட்டியலை வாசிக்கச் சொன்னார். மாமனார், மாமியார், கணவர், தம்பி என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசிப் பெயரில் மட்டும் நின்றுவிட்டார். "இது யாரு பாட்டி?" என்று கேட்டேன். "வைக்க நெனச்ச பேரு சாமி. அம்பது வருசமாச்சு" என்றார்.

திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகளைப் பற்றிப் பழைய காலத்தில் கடினமான பேச்சுகள் இருந்தன. கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் தனியே புதைத்தார்கள், பெயரில்லாமல் புதைத்தார்கள். 'லிம்போ' என்றொரு இடத்தைச் சொன்னார்கள். அது இறையியலாளர் பலர் சொல்லிவந்த கருத்து. திருச்சபை அதை விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் வரையறுக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 1261-ஆம் எண்ணில், இக்குழந்தைகளை இறைவனின் இரக்கத்திடம் ஒப்படைக்கச் சொல்கிறது. சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்ன இயேசுவின் அன்பை அதற்குக் காரணமாகக் காட்டுகிறது. 2007-இல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்டின் ஒப்புதலோடு பன்னாட்டு இறையியல் ஆணையம் வெளியிட்ட ஏட்டிலும், அவர்கள் மீட்படைவார்கள் என்று நம்பிக்கை கொள்ள உறுதியான காரணங்கள் இருப்பதாகச் சொல்லப்பட்டிருக்கிறது. திருமுழுக்கைத் தள்ளிப்போடலாம் என்று இதற்குப் பொருளில்லை. வழியே இல்லாமல் போன பெற்றோர் நம்பிக்கையோடு கண்ணீரைத் துடைத்துக்கொள்ளலாம் என்று பொருள்.

ஆகவே அந்தப் பெயரை இனி ஒளித்து வைக்க வேண்டாம். வருகிற நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்குப் பட்டியல் எழுதும்போது அந்தப் பெயரையும் எழுதிக் கொடுங்கள். பெற்றவர்கள் இருவரும் ஒருமுறையாவது ஒன்றாக உட்கார்ந்து அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். செக்கரியாவுக்குப் பிள்ளையின் பெயரை எழுதியபோது பேச்சு வந்தது. ஆண்டுக்கணக்காக அடைத்துக்கொண்டிருக்கிற சில வீடுகளின் தொண்டையும் அப்படித் திறக்கக்கூடும்.

திருமுழுக்குச் சடங்கின் தொடக்கத்தில், கோயில் வாசலில் குருவானவர் பெற்றோரைப் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வி குழந்தையின் பெயர்தான். ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. எத்தனையாவது பிள்ளை என்று கேட்பதில்லை. எந்தத் தெரு, எந்த வகையறா என்று கேட்பதில்லை. பிறகு திருமுழுக்குத் தண்ணீர் ஊற்றும்போது அந்தப் பெயரைச் சொல்லித்தான் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் திருமுழுக்குக் கொடுக்கிறார். அதாவது, நீங்கள் வைத்த பெயர் மூவொரு கடவுளின் பெயரோடு ஒரே மூச்சில் சொல்லப்படுகிறது. அந்த இடத்தில் உச்சரிக்கத் தகுந்த பெயரா இது என்று கேட்டுப் பாருங்கள். பெயர் தெரிவு செய்வதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

செபிப்போம். அருள்கூரும் ஆண்டவரே, தாயின் வயிற்றில் இருக்கும்போதே எங்களை அறிந்தவரே, இந்த ஆண்டு எங்கள் குடும்பங்களில் பிறக்கவிருக்கும் குழந்தைகளை உம் கைகளில் ஒப்படைக்கிறோம். ஆணாயினும் பெண்ணாயினும் உம் அருளாகவே அவர்களை வரவேற்கும் மனத்தை எங்களுக்குத் தாரும். பெயரால் காயப்பட்ட சகோதரிகளுக்கு உம் மகிழ்ச்சியைப் பெயராகச் சூட்டும். பெயர் பெறாமலே உம்மிடம் வந்து சேர்ந்த எங்கள் பிள்ளைகளை, பெற்றவர்கள் மனத்தில் வைத்த பெயரால் நீர் அழைத்து உம் மடியில் வைத்துக்கொள்ளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.